எபிசோட் 41: பாட்டு இருக்கு, பேரு எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் நிலக்கோட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, பழைய ஹார்ட் டிஸ்க்ல 6,000 பாட்டு இருக்கு. லேப்டாப்ல எந்த மியூசிக் ப்ளேயர் போட்டா நல்லா இருக்கும்?" அவ்வளவுதான் கேள்வி.

சின்னதா பதில் சொல்லணும்னா: விண்டோஸ்னா மியூசிக்பீ, லினக்ஸ்னா ஸ்ட்ராபெர்ரி. ரெண்டுமே இலவசம். எபிசோட் முடிஞ்சது, போயிட்டு வாங்க.

ஆனா அந்தத் தம்பி கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். ஆல்பம் பட்டியல்ல 'அன்நோன் ஆல்பம்'னு ஒரே ஒரு பெட்டி. அதுக்குள்ள 2,300 பாட்டு. நான் சொல்ற ப்ளேயரை அவர் போட்டாலும் அந்தப் பெட்டி அங்கேயும் அப்படியே வந்து உக்காரும். ஏன்னா கோளாறு ப்ளேயர்ல இல்ல, ஃபைலுக்குள்ள இருக்கு. அதனால இன்னைக்கு ப்ளேயரைப் பத்திக் கொஞ்சம், ஃபைலுக்குள்ள எழுதியிருக்கிற விவரத்தைப் பத்தி நிறைய.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. நானும் தினமும் ஸ்ட்ரீமிங்லதான் கேக்குறேன். ஆனா அங்க இருக்கிற பாட்டு உங்களுது இல்ல. கம்பெனிகளுக்கு நடுவுல இருக்கிற ஒப்பந்தம் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்களுக்குக் கேக்கும். 2023 மார்ச்ல ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் ஒப்பந்தம் படியலைன்னு நிறைய இந்திப் பாட்டு ஒரே நாள்ல காணாமப் போச்சு. சில சமயம் சர்வீஸே போயிடும். கூகுள் ப்ளே மியூசிக்கை 2020 கடைசியில மூடினாங்க. 2024 ஜனவரியோட ரெஸ்ஸோ இந்தியாவுல நின்னுபோச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல விங்க் மியூசிக்கை மூடப்போறதா ஏர்டெல் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் மக்கள் வருஷக்கணக்கா சேர்த்த ப்ளேலிஸ்ட்டை வேற இடத்துக்குத் தூக்கிட்டு ஓடினாங்க.

டெஸ்க்டாப் ப்ளேயர் மட்டும் நிரந்தரமான்னா, அதுவும் இல்ல. 1997ல வந்த வின்ஆம்ப்தான் நம்ம அண்ணன்மார் தலைமுறைக்கு எம்பி3 ப்ளேயர்னா என்னன்னு காட்டினது. அதைச் செஞ்ச நல்சாஃப்ட் கம்பெனியை 1999ல ஏஓஎல் வாங்குச்சு. 2013ல நிறுத்தப்போறோம்னு அறிவிச்சாங்க, அப்புறம் கைமாறிடுச்சு. 2001ல வந்த ஐட்யூன்ஸை மேக்ல இருந்து 2019ல ஆப்பிள் எடுத்துட்டு, மியூசிக், பாட்காஸ்ட், டிவின்னு மூணு ஆப்பா பிரிச்சாங்க. லினக்ஸ்ல அமரோக்னு ஒண்ணு இருந்துச்சு. அதோட பழைய வெர்ஷனைப் பிடிச்சவங்க கிளமன்டைன் செஞ்சாங்க. அது தேங்கினதும் அதுல இருந்து ஸ்ட்ராபெர்ரி கிளைச்சுது.

இத்தனை மாறினதுலயும் மாறாம நின்னது ஒண்ணுதான்: ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற ஃபைலும், அதுக்குள்ள எழுதின விவரமும்.

ப்ளேயர் உள்ளுக்குள்ள என்ன பண்ணுது?

மியூசிக் ப்ளேயர்ல பாட்டை ஒலிக்க வைக்கிறது சின்ன வேலை. பெரிய வேலை லைப்ரரி. உங்க ஃபோல்டரைக் காட்டினதும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, தலைப்பு என்ன, பாடினது யாரு, எந்த ஆல்பம், எந்த வருஷம்னு படிச்சு, தனக்குன்னு ஒரு டேட்டாபேஸ்ல எழுதி வச்சுக்கும். நீங்க திரையில பாக்குறது அந்த டேட்டாபேஸைத்தான். நூலகத்துல புத்தக அலமாரிக்குப் பதிலா கார்டு கேட்டலாக்கைப் பாக்குற மாதிரி.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. நீங்க போடுற ஸ்டார், எத்தனை தடவை கேட்டீங்கன்ற கணக்கு, ப்ளேலிஸ்ட் இதெல்லாம் பல ப்ளேயர்ல ஃபைலுக்குள்ள போகாது, டேட்டாபேஸோட நின்னுடும். லேப்டாப் போச்சுன்னா அதுவும் போச்சு. மியூசிக்பீ மாதிரி சிலதுல 'ரேட்டிங்கை ஃபைல்லயே எழுது'ன்னு ஒரு செட்டிங் இருக்கும். முதல் நாளே அதை ஆன் பண்ணுங்க. ப்ளேலிஸ்ட்டை மாசம் ஒரு தடவை எம்3யூ ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எந்த ப்ளேயரும் படிக்கும், நோட்பேடும் படிக்கும்.

முப்பது எழுத்துக்குள்ள அடங்காத பாலசுப்ரமணியம்

எம்பி3 வந்தப்போ பாட்டோட பேரை எழுத அதுக்குள்ள இடமே கிடையாது. 1996ல எரிக் கெம்ப்னு ஒருத்தர் ஃபைலோட வால்ல 128 பைட் ஒட்டவச்சு அதுல எழுதலாம்னு கொண்டுவந்தார். அதுக்குப் பேரு ஐடி3. தலைப்புக்கு 30 பைட், ஆர்ட்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, குறிப்புக்கு 30, வருஷத்துக்கு 4, இசை வகைக்கு ஒரே ஒரு பைட்.

ஆங்கிலத்துல ஒரு எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில தமிழ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட், புள்ளிக்கும் கால் கொம்புக்கும் தனித்தனியா. 'இளையராஜா'ன்னு எழுத 24 பைட். தப்பிச்சோம். 'எஸ். பி. பாலசுப்ரமணியம்'னு எழுதினா 61 பைட், பாதியிலேயே அறுந்துடும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 128 பைட்டுல எந்த எழுத்து முறைன்னு சொல்லவே வழியில்ல. அதனாலதான் பழைய ஃபைல்கள்ல தமிழ்ப் பேரு இருக்க வேண்டிய இடத்துல கேள்விக்குறியும் கிறுக்கலும் வருது. இசை வகைக்கு 80 பேர் கொண்ட பட்டியல் ஒண்ணு வச்சாங்க. அதுல போல்கா இருக்கு, கர்நாடக சங்கீதமும் கானாவும் இல்ல.

1998ல ஐடி3 இரண்டாம் பதிப்பு வந்து இதெல்லாம் தளர்ந்துச்சு. இப்போ நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்ல, தமிழ் தாராளமா எழுதலாம். எம்பி3டேக் மாதிரி டேக் எழுதுற சாஃப்ட்வேர்ல 'ஐடி3 வி2.3, யூடிஎஃப்-16'ன்னு ஒரு தேர்வு இருக்கும். அதையே வையுங்க. பழைய கருவிகளும் புதுக் கருவிகளும் பெரும்பாலும் அதைச் சரியாப் படிக்கும்.

இந்தப் பாட்டோட ஆர்ட்டிஸ்ட் யாரு?

இந்த ஐடி3 ஒரு மேற்கத்திய ராக் பேண்டை மனசுல வச்சுச் செஞ்சது. அங்க ஒரு பேண்ட் இருக்கும், ஆல்பம் போடும், ஆல்பத்துல பாட்டு இருக்கும். ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், டிராக். முடிஞ்சது.

நம்ம சினிமாப் பாட்டுல இசையமைச்சவர் ஒருத்தர், எழுதினவர் ஒருத்தர், பாடினவங்க ரெண்டு பேர், திரையில வாயசைச்சவர் இன்னொருத்தர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில நின்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தர் 'ராஜா பாட்டு'ம்பார், ஒருத்தர் 'எஸ்.பி.பி. பாட்டு'ம்பார், இன்னொருத்தர் 'மோகன் பாட்டு'ம்பார். மூணு பேரும் சொல்றது ஒரே பாட்டா இருக்கும். மூணும் சரி.

இதுல நம்ம பாட்டுக்குன்னு தனித் தலைப்பும் பெரும்பாலும் கிடையாது. பல்லவியோட முதல் வரிதான் தலைப்பு. அந்த வரியில எத்தனை சொல் வரைக்கும் எழுதுறது? ஒருத்தர் ரெண்டு சொல் எழுதுவார், இன்னொருத்தர் அஞ்சு. ஒரே பாட்டு லைப்ரரியில ரெண்டு தடவை இருக்கும், கண்டுபிடிக்க முடியாது.

அதனால நான் வச்சிருக்கிற விதிகளைச் சொல்றேன். இதுதான் சரின்னு இல்ல. ஆனா ஒரு விதி வேணும், அதை மாத்தக் கூடாது.

ஆல்பம்னா படத்தோட பேரு. 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்'னு ஒரு தனிக் கட்டம் இருக்கும், அதுல இசையமைப்பாளர். 'கம்போஸர்' கட்டத்துலயும் அவரே. 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்துல பாடினவங்க மட்டும். 'லிரிசிஸ்ட்' கட்டத்துல பாடலாசிரியர். வைரமுத்து பாட்டெல்லாம் ஒண்ணாக் கேக்கணும்னா இது இல்லாம முடியாது, ஆனா ஒருத்தரும் நிரப்புறதில்ல. வருஷம்னா படம் வெளியான வருஷம், சிடி போட்ட வருஷம் இல்ல. நடிகர் பேரு வேணும்னா 'நடிகர்'னு நீங்களே ஒரு புதுக் கட்டம் உருவாக்கலாம். மியூசிக்பீயும் ஃபூபார்2000மும் அதை ஏத்துக்கும்.

ஜோடிப் பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ரெண்டு பாடகர் பேருக்கு நடுவுல கமா போட்டா, ப்ளேயர் அதை ஒரே ஆளோட நீளமான பேருன்னு நினைச்சுக்கும். மேல சொன்ன ரெண்டு ப்ளேயர்லயும் அரைப்புள்ளி போடுங்க, ரெண்டு பேரையும் தனித்தனியாப் பிரிச்சுக்கும்.

கர்நாடக சங்கீதம் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஆழம். பழனி நம்ம மாவட்டம்தானே, அந்த ஊர்ப் பேரோட இருக்கிற மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை எடுத்துக்குங்க. இடது கை வாசிப்பு. அவர் வாசிச்ச கச்சேரிப் பதிவை 'ஆர்ட்டிஸ்ட்: பாடகர் பேரு'ன்னு மட்டும் போட்டா, உங்க லைப்ரரியில பழனின்னு தேடினா ஒண்ணும் வராது. கையில இருந்தும் இல்லாத மாதிரி. 'பக்கவாத்தியம்'னு ஒரு கட்டம் போட்டா வந்துடும்.

ரெண்டு விக்ரம், ரெண்டு ரோஜா

1986ல ஒரு விக்ரம், இளையராஜா இசை. 2022ல இன்னொரு விக்ரம், அனிருத் இசை. ரெண்டுலயும் கமல்ஹாசன். ஆல்பம் பேரு ஒண்ணுதான். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டம் காலியா இருந்தா ப்ளேயர் குழம்பிடும். சில ப்ளேயர் 36 வருஷ இடைவெளியைத் தாண்டி ரெண்டு படத்தையும் ஒரே ஆல்பமாச் சேர்த்துடும். சிலது பாடகர் மாற மாற ஒரே படத்தை அஞ்சு துண்டாக்கிடும். இசையமைப்பாளர் பேரைப் போட்டுட்டா ரெண்டு நோயும் தீரும். பில்லா, மாப்பிள்ளை, நினைத்தாலே இனிக்கும், வேலைக்காரன்னு இந்த வரிசை நீளம்.

ரோஜா இன்னும் வம்பு. 1992ல தமிழ்ல வந்துச்சு, அப்புறம் இந்தியிலயும் வந்துச்சு. ரெண்டுக்கும் ஏ.ஆர்.ரஹ்மான்தான், படப் பேரும் அதேதான். இங்க 'ரோஜா (தமிழ்)', 'ரோஜா (இந்தி)'ன்னு மொழியையும் எழுதினாத்தான் பிரியும்.

ஒரே மனோ, ரெண்டு தடவை

ஆங்கிலத்துல எழுதினா இளையராஜாவுக்கு எத்தனை ஸ்பெல்லிங்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு 'எல்', ரெண்டு 'எல்', 'ஐ' இருக்கு, இல்ல, 'ஏ' ஒண்ணு, ரெண்டு. யேசுதாஸுக்கு 'ஒய்'ல ஒண்ணு, 'ஜே'ல ஒண்ணு. ஒவ்வொரு ஸ்பெல்லிங்கும் ப்ளேயருக்கு ஒரு தனி மனுஷன்.

தமிழ்ல எழுதினா இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்ல. ஆனா தமிழுக்குன்னு ஒரு தொல்லை இருக்கு. பாடகர் மனோ பேரை எடுத்துக்குங்க. 'னோ'ங்கிற எழுத்துல இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியீடா எழுதலாம். இல்லன்னா முன்னாடி வர்ற இரட்டைக் கொம்பு, பின்னாடி வர்ற கால்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற. லைப்ரரியில மனோ, அதுக்குக் கீழ இன்னொரு மனோ. பழைய மேக்ல இருந்து ஃபைல் பேரை எடுத்து டேக்கா மாத்தினவங்களுக்கு இது கண்டிப்பா நடக்கும், ஏன்னா அந்தக் காலத்து மேக் ஃபைல் சிஸ்டம் பேரை உடைச்சுத்தான் சேமிக்கும்.

தீர்வு சுலபம். சரியா இருக்கிற மனோவை காப்பி பண்ணி, மத்த எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி பேஸ்ட் பண்ணுங்க. கையால திரும்ப டைப் பண்ணாதீங்க.

கார்லயோ பஸ்லயோ பென் டிரைவ் போடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். பல விலை குறைஞ்ச செட்டுகள்ல தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாத் தெரியும். அதனால டேக்கைத் தமிழ்லயும் ஃபைல் பேரை ஆங்கிலத்துலயும் வைக்கிறது நல்லது. பாட்டு ஏறுக்கு மாறா வருதுன்னா, அந்தச் செட் அகரவரிசையைப் பாக்காம ஃபைல் காப்பியான வரிசையில ஓட்டுதுன்னு அர்த்தம். பென் டிரைவை ஃபார்மேட் பண்ணி, உங்களுக்கு வேணுங்கிற வரிசையில ஒவ்வொண்ணா காப்பி பண்ணுங்க.

எந்த டேட்டாபேஸ்லயும் இல்லாத பாட்டு

'இதையெல்லாம் கையால பண்ணணுமா, ஆட்டோமேட்டிக்கா ஆகாதா?'ன்னு கேப்பீங்க. ஓரளவுக்கு ஆகும். மியூசிக்பிரைன்ஸ்னு தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டுற ஒரு திறந்த டேட்டாபேஸ் இருக்கு. அதோட பிக்கார்ட் சாஃப்ட்வேர், பாட்டோட ஒலியிலேயே ஒரு கைரேகை எடுத்து, இது இன்ன பாட்டுன்னு சொல்லும். ஃபைலுக்குப் பேரே இல்லன்னாலும் பரவாயில்ல. ஆனா படத்துக்குப் பதிலா ஏதாவது ஹிட்ஸ் தொகுப்போட பேரை எடுத்துட்டு வரலாம், அதனால பார்த்து ஏத்துக்கணும்.

இங்கதான் எனக்கு முக்கியமான விஷயம் வருது. திண்டுக்கல்ல எங்க பெரியப்பா வீட்டு பரண்ல ஒரு பெட்டி கேசட் இருக்கு. பாதிக்கு மேல ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சது. இந்தக் காலத்துப் பசங்களுக்காகச் சொல்றேன்: பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, 60 நிமிஷ கேசட்டா 90ஆன்னு சொல்லிக் கொடுத்துட்டு வந்தா, ரெண்டு நாள்ல பதிஞ்சு வச்சிருப்பாங்க. நம்ம ப்ளேலிஸ்ட்டுக்குத் தாத்தா அதுதான்.

அந்தச் சினிமாப் பாட்டெல்லாம் எங்கேயும் கிடைக்கும். கிடைக்காதது வேற. ஒரு படப் பாட்டுக் கேசட்டோட பி பக்கம் கடைசியில கொஞ்சம் டேப் மிச்சம் இருந்திருக்கு. அதுல எங்க அப்பத்தா நடவுப் பாட்டு பாடுறாங்க. ரெண்டரை நிமிஷம். நடுவுல ஒரு குழந்தை அழுவுது, யாரோ பாத்திரம் விளக்குறாங்க. பிக்கார்ட் அதுக்குக் கைரேகை எடுத்துச்சு. உலகத்துல அதுக்குப் பொருத்தம் எதுவும் இல்ல.

சரி, டேக் எழுதலாம்னு உக்காந்தேன். ஆர்ட்டிஸ்ட்: 'அப்பத்தா'ன்னு எழுதலாமா? எனக்குப் புரியும். என் பிள்ளைக்கு? யாரோட அப்பத்தா? அதனால முழுப் பேரு, ஊர்ப் பேரு. வருஷம்? எனக்குத் தெரியாது. பெரியப்பாகிட்டதான் கேட்டேன். அவர் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுட்டு, "அழுவுறது உங்க அத்தை மவன்டா, அப்ப 1988 ஆயிருக்கும்"னார். பாட்டு எந்த ஊர்ல கத்துக்கிட்டாங்க, எந்த வயல்ல பாடுவாங்க, பதிஞ்சது யாருன்னு பத்து நிமிஷம் சொன்னார். அத்தனையும் ஃபைலோட குறிப்புக் கட்டத்துல இருக்கு.

பெரியப்பாவுக்கு இப்போ 74 வயசு. கேசட்டை ஃபைலா மாத்துறது இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சும் செய்யலாம், டேப் தாங்கினா. ஆனா அழுவுறது யாருன்னு சொல்ற ஆள் அதுக்குள்ள இல்லாமப் போயிட்டா, அந்த விவரத்தை எந்தச் சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி இருக்கும். கல்யாணக் கேசட், பழனி பாதயாத்திரையில பாடினது, சர்ச் திருவிழாப் பாட்டு, வெளிநாட்டுல இருந்த மாமா லெட்டருக்குப் பதிலாப் பேசி அனுப்பின கேசட். எங்க ஊர்ல நிறைய வீட்டுல திண்டுக்கல் லியோனி பட்டிமன்றக் கேசட்டும் இருக்கும். பழைய பாட்டா புதுப் பாட்டான்னு வாதாடி, நடுவுல பாடியும் காட்டுவாங்க. அது பாட்டா, பேச்சா? நான் வகைக் கட்டத்துல 'பட்டிமன்றம்'னே எழுதிட்டேன். அந்த 80 வகைப் பட்டியலை இப்போ யாரும் மதிக்கணும்னு அவசியம் இல்ல.

கேசட்டை மாத்துறதுக்கு ஒரு ஓடுற ப்ளேயர், லேப்டாப்புக்கு ஒரு ஆடியோ கேபிள், ஆடாசிட்டி சாஃப்ட்வேர் போதும். உங்க லேப்டாப்ல மைக் ஓட்டை மட்டும்தான்னா லைன்-இன் இருக்கிற சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிக்குங்க. 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும், குறுக்கு வழி இல்ல. சிடி தரத்துல பதிஞ்சா ஒரு கேசட் சுமார் 635 எம்பி. அதை ஃபிளாக்கா மாத்தினா ஒலி கொஞ்சமும் குறையாம அளவு இறங்கிடும். வீட்டுப் பதிவுகளை எம்பி3யா மட்டும் வைக்காதீங்க. எம்பி3 அளவைக் குறைக்க ஒலியில ஒரு பகுதியைத் தூக்கிப் போட்டுடும், திரும்ப வராது. அதே காரணத்தாலதான் 128 கேபிபிஎஸ் பாட்டை 320ஆ மாத்தினா ஃபைல் பெருசாகுமே தவிர சவுண்ட் நல்லாகாது.

எங்க ஆரம்பிக்கிறது?

நிலக்கோட்டைத் தம்பிக்கு இப்போ நேரா பதில். 6,000 பாட்டையும் ஒரே ஞாயித்துக்கிழமை சரி பண்ண உக்காராதீங்க, ரெண்டாவது மணி நேரத்துல வெறுத்துடும். முதல்ல மொத்த ஃபோல்டரையும் இன்னொரு டிஸ்க்ல அப்படியே காப்பி எடுங்க. 6,000 பாட்டு, ஒவ்வொண்ணும் நாலரை நிமிஷம், எல்லாமே 320 கேபிபிஎஸ்னு வச்சுக்கிட்டாலும் 65 ஜிபிதான் வரும். ஒரு 128 ஜிபி பென் டிரைவ் போதும். வீட்டுப் பதிவுகளுக்கு மட்டும் மூணு காப்பி வையுங்க, அதுல ஒண்ணு வேற ஊர்ல, வேற வீட்டுல இருக்கட்டும்.

அடுத்து, அந்த 2,300 பாட்டுப் பெட்டியை பிக்கார்டுக்குக் கொடுங்க. அது கண்டுபிடிச்சதைப் பார்த்து ஏத்துக்குங்க. மிச்சத்தை, நீங்க நிஜமாவே கேக்குற படங்கள்ல இருந்து, ஒரு நாளைக்கு ஒரு படம்னு எம்பி3டேக்ல சரி பண்ணுங்க. ஒரு படத்துக்கு அஞ்சு நிமிஷம். டேக் முடிஞ்சதும் ஃபோல்டரை 'இசையமைப்பாளர், வருஷம் - படம், எண் - பாட்டு'ன்னு அந்தச் சாஃப்ட்வேரே அடுக்கிக் கொடுத்துடும். கடைசியா ரீப்ளேகெய்ன் ஓட்டுங்க. பழைய பாட்டு மெதுவாவும் அனிருத் பாட்டு காதைக் கிழிக்கிற மாதிரியும் வர்றது சமமாகும். ஒலியைத் தொடாது, எவ்வளவு ஏத்தணும் இறக்கணும்னு ஒரு எண்ணை டேக்ல எழுதும், அவ்வளவுதான்.

இதுல எதுவுமே இந்த வாரம் செய்ய நேரமில்லன்னா, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல பேரு எழுதாத கேசட்டோ, 'டிராக் 01'னு கிடக்கிற பதிவோ இருந்தா, வயசானவங்க பக்கத்துல உக்காந்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. டேக் அப்புறம் எழுதிக்கலாம்.

உங்க லைப்ரரிக்கு நீங்க என்ன விதி வச்சிருக்கீங்கன்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுங்க. குறிப்பா நாட்டுப்புறப் பாட்டு சேர்த்து வச்சிருக்கிறவங்க. அடுத்த எபிசோட்ல கேசட்டைப் பதியும்போது வர்ற இரைச்சலை எப்படிக் குறைக்கிறது, எங்க நிறுத்திக்கணும்னு பேசுவோம்.